கைக்கு வந்த பிரேக்

செப்டம்பர் 8, திங்கள்

காலைச் சர்க்கரை 164.

இந்த நோட்டு என் கணவரின் சர்க்கரையை எழுத வாங்கியது. "தினமும் காலைல குத்திப் பாத்து, தேதி போட்டு எழுதிட்டு வாங்கம்மா" என்று மதுரை டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாளைக்கு ஓர் எண் எழுத நூற்றி அறுபது பக்கம் எதற்கு? மீதி இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். டாக்டரம்மாவுக்கு எண்களை மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். கணவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. கோபம் வந்தால் இதில் எழுதிக்கொள்வேன். இன்று வந்தது.

சௌந்தரபாண்டி எனக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துவிட்டார்.

வண்டி என்றால் நாலு சக்கர பைக். ஏ.டி.வி. என்பார்கள். கொடைக்கானலில் மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து ஆறு வருஷத்துக்கு முன் வாங்கியது. எங்கள் காப்பித் தோட்டம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இறக்கத்தில் இருக்கிறது. அந்தப் பாதையில் ஜீப் போகாது, இது போகும். முன் பிரேக் வலது கையில், பின் பிரேக் வலது காலில். அந்த வலது காலைத்தான் போன டிசம்பரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இப்போது அங்கே இருப்பது செயற்கைக் கால். அதற்கு மிதிக்கத் தெரியும். மிதித்தோமா இல்லையா என்பது தெரியாது.

நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் இறங்கி, நேராகப் போய்த் தொட்டிச் சுவரில் முட்டியிருக்கிறார். ஆளுக்கு ஒன்றுமில்லை, பம்பர் வளைந்துவிட்டது.

"பிரேக்க மிதிச்சுக்கிட்டுதாண்டி இருந்தேன். குனிஞ்சு பாத்தா கால் பெடலுக்குப் பக்கத்துல சும்மா கெடக்கு" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திட்டினேன்.

தீபாவளிக்குள் தன்னால் தனியாகத் தோட்டத்துக்குப் போய்வர முடியாவிட்டால், மூன்று வருஷத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கதிரேசனிடம் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று ஏற்கெனவே பேச்சு. பேசியதும் இவர்தான். அந்த இறக்கத்தில் இவரால் நடக்க முடியாது. நான் தினமும் நடந்து போய்ச் செடிகளைப் போட்டோ எடுத்து வந்து காட்டுகிறேன். "இது எந்தச் செடிடி?" என்று கேட்பார். எனக்கு எல்லாச் செடியும் காப்பிச் செடிதான். அதிலேயே அன்றைய சண்டை முடியும்.

தோட்டம் கைவிட்டுப் போனால் இவர் வாசல் நாற்காலியிலேயே இருந்துவிடுவார். ஐம்பத்தொரு வயது. எனக்கு அது பயமாக இருக்கிறது. இவர் வண்டியில் ஏறினால் அதுவும் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

148.

வத்தலக்குண்டிலிருந்து மெக்கானிக் சிக்கந்தர் பாய் பஸ் ஏறி வந்தார். இவரைவிட இரண்டு மூன்று வயது இளையவர். வண்டி வாங்கியதிலிருந்து அவர்தான் பார்க்கிறார், ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். வருகிறவர்கள் எல்லோரும் இவர் காலைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். பாய் உட்கார்ந்ததும் கேட்டது, "அண்ணே, அந்தக் கால கழட்டிக் குடுங்க, பாப்போம்."

இவரும் கழற்றிக் கொடுத்தார். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கணுக்காலை ஆட்டி, "நல்ல வேலைப்பாடுண்ணே. போல்ட்டெல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். இவர் சிரித்தார். பத்து மாசமாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மைத் திறந்தார். உள்ளே செம்மண் கூழ். பிரேக் ஷூ அப்பளம் மாதிரி தேய்ந்து கிடந்தது.

"வண்டிய பம்பு வச்சு அடிச்சுக் கழுவுனீங்களாண்ணே?"

"சேறு போகணும்ல பாய்."

"சேறு போயிருச்சு. தண்ணி உள்ள வந்துருச்சு."

புது ஷூ போட்டால் போதுமா என்று கேட்டேன்.

"போட்டா புடிக்கும் தங்கச்சி. மிதிக்கிறது யாரு? அதான கேள்வி. கால் பாத்த வேலைய கைக்குக் குடுத்துருவோம். இந்த வண்டிக்கு கிளட்ச் லீவர் இல்ல, அண்ணனுக்கு எடது கை சும்மாத்தான் இருக்கு. டிரம்ம தூக்கிப் போட்டுட்டு, பைக்குக்குப் போடுற டிஸ்க் பிரேக்க பின்னாடி போட்டு, லீவர எடது கைப்பிடியில வச்சுருவேன். புடிக்கிறது கைக்குத் தெரியும்."

இவர் இடது கையை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

மழை. தோட்டத்துக்குப் போகவில்லை. இவர் என்னிடம் ஏழு தடவை கேட்டது, "பாய் போன் பண்ணாரா?"

செப்டம்பர் 20, சனி

151.

பாய் சாமான்களோடு வந்தார். டிஸ்க்கை நடுவில் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை வண்டியில் மாட்ட ஓர் இரும்புத் தகடு லேத்தில் செய்து கொண்டுவந்திருந்தார். மாட்டிப் பார்த்தால் நூலளவு தள்ளி நிற்கிறது, டிஸ்க் ஒரு பக்கமாக உரசுகிறது. அரத்தை வைத்து ராவினார். மறுபடி மாட்டினார், மறுபடி ராவினார். இவர் நாற்காலியை வண்டிக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லி உட்கார்ந்து, ஸ்பேனர் எண்ணைச் சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுத்தார். மத்தியானச் சோறும் அங்கேதான். மூன்று மணிக்குத் தகடு உட்கார்ந்தது.

சாயங்காலம் மாத்திரையை நான் ஞாபகப்படுத்தாமல் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று எனக்கும் வேலை கொடுத்தார்கள். பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டுமாம். பாய் கீழே சக்கரத்தோரம் ஒரு சின்ன ரப்பர் குழாயைப் பாட்டிலுக்குள் விட்டுப் படுத்துக்கொண்டார். நான் வண்டிமேல் உட்கார்ந்து லீவரை அமுக்க வேண்டும்.

"அமுக்குங்க தங்கச்சி. அப்புடியே புடிங்க. விட்றாதீங்க. ம்... இப்ப விடுங்க."

இதையே நாற்பது தடவை. பாட்டிலில் குமிழ் குமிழாக வந்தது. இவர் நாற்காலியிலிருந்து, "பைய அமுக்குடி, இடியாப்பமா புழியுற?" என்றார். இவர் பெயரை இதில் எழுதினால் போதாது போல இருந்தது, ஆனால் பாய் முன்னால் என்ன செய்ய?

ஒரு கட்டத்தில் கொழகொழவென்று இருந்த லீவர் கையில் கெட்டியாக நின்றது. "பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு பாய் வண்டியைத் தள்ளினார், இவரும் ஒரு கை போட்டுத் தள்ளினார். அசையவில்லை. நான் ஒருத்தி இரண்டு விரலால் பிடித்திருக்கிறேன், இரண்டு ஆம்பிளைகளால் தள்ள முடியவில்லை. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஏனோ இல்லை.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் இவர் ஓட்டிப் பார்த்தார். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினார். ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமியன்று தோட்டத்துக்கு இறங்குவதாக முடிவு. பாய்க்கும் அது சம்மதம்.

"நல்ல நாள்தான். எறங்குங்கண்ணே" என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்

142. கதிரேசன் வந்து வெறுமனே பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். போகும்போது வண்டியைப் பார்த்தார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. போன வருஷம் புண்ணும் ஆஸ்பத்திரியுமாகப் பூஜையே இல்லை. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் செய்தேன். மண்வெட்டி, கவாத்துக் கத்தரி, மருந்தடிக்கும் தெளிப்பான் எல்லாவற்றையும் கழுவி அடுக்கினேன். வண்டியைக் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். பம்பு வைத்து அடிக்கவில்லை, துணியால் துடைத்தேன். துருப்பிடித்த இடமெல்லாம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். ஹேண்டில், பம்பர், நாலு சக்கரத்து நட்டு எல்லாம் மின்னுகிறது. அந்தப் புது டிஸ்க்கின் வட்டத் தட்டையும் விடவில்லை. அதுதானே இவர் உயிரைப் பிடிக்கப்போகிறது? இரண்டு பக்கமும் எண்ணெய் தடவித் துடைத்து, அதற்கு மட்டும் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, குங்குமம் எண்ணெயில் குழைத்து வைத்தேன். உதிரவே உதிராது.

இவர் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பொரியை அள்ளிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

பிரேக் பிடிக்கவில்லை.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது. நான் பின்னால் நடந்தேன். தொட்டி இறக்கத்தில் இடது கை லீவரை அமுக்கியிருக்கிறார். லீவர் கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. பயத்தில் வலது கையையும் சேர்த்துப் பிடித்ததில், முன் சக்கரம் ஈரச் சருகில் வழுக்கி, வண்டி திரும்பி மேட்டோரத்து உண்ணிச்செடிப் புதருக்குள் போய் நின்றது. நான் ஓடிப்போனபோது இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்திலும் கையிலும் கீறல். வேறு அடி இல்லை.

வழியில் போன இரண்டு பேர் வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இவர் வந்ததும் பாய்க்கு போன் போட்டார்.

"ஒன்னைய நம்பி ஏறுனேன்யா. கொன்னுருப்ப இன்னிக்கு."

எனக்குப் பாய் பேசியதும் கேட்டது. "அண்ணே, லீவர் கெட்டியா இருந்தா பிடிக்காம போகாதுண்ணே. டிஸ்க்குப் பக்கம் எதுவும்..."

"நீ மேல வராத" என்று இவர் வைத்துவிட்டார். அப்புறம் என்னிடம் சொன்னார், "கதிரேசனுக்குச் சொல்லிவிடு. தீபாவளிக்கு முன்னாடியே எழுதிக்கிறட்டும்."

எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 4, சனி

218.

வாடிய மாலையை எடுக்க வண்டிக்குப் பக்கத்தில் போனேன். டிஸ்க்கில் நான் வைத்த பொட்டைக் காணோம். அது வட்ட வட்டமான சிவப்புக் கோடாக இழுபட்டிருந்தது. தொட்டேன். மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்.

அம்மியில் எண்ணெய் கொட்டினால் குழவி வழுக்கும். இதற்கு மெக்கானிக் படிப்பு படிக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

சொல்லவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

231. சாப்பாடு சரியாகத்தான் கொடுக்கிறேன். ஏன் ஏறுகிறது என்று தெரியவில்லை.

கதிரேசன் தோட்டத்தைப் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். காய் இந்த வருஷம் கொத்துக் கொத்தாக இருக்கிறது. கதிரேசன் நல்ல மனிதர், செடியைக் கெடுக்க மாட்டார். குத்தகைக்கு விட்டால் இவர் விழ மாட்டார், நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வேண்டாம். இதில் என்ன தப்பு? நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

பாய் என் போனுக்குக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அண்ணன் இன்னும் கோவமாத்தான் இருக்காரா? அஞ்சு நாளா தூக்கம் இல்ல. அந்தத் தகடு அசைஞ்சுருச்சோ, எங்க தப்பு பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். வேற ஒரு வண்டிக்கு பிரேக் போடக் கூப்புட்டாக, வேணாம்னுட்டேன்."

"சரி பாய்" என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

இவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இப்போது வண்டி தெரியாத பக்கம் பார்த்து உட்கார்கிறார். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, துணி காயப்போடும் கம்பிதான் இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

இதை எங்கேயும் எழுதினதில்லை.

போன வருஷம் இதே புரட்டாசி. இவர் கம்பூட் போட்டுத் தோட்டத்துக்குப் போய் வருவார். ஒருநாள் சாக்ஸைத் துவைக்க எடுத்தபோது ஒரு நாற்றம். ஈரச் சாக்ஸ் அப்படித்தான் நாறும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் நாறியது. "காலக் காட்டுங்க" என்றேன். "ஒண்ணுமில்லடி, போ" என்றார். அதோடு விட்டேன். திரும்பக் கேட்டால் கத்துவார் என்று விட்டேன். ஒன்றுமில்லையாக இருக்கட்டும் என்றும் விட்டேன். ஒன்பது நாள். ஒன்பது நாளும் அந்தச் சாக்ஸை நான்தான் துவைத்தேன். டாக்டரம்மா, "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா வெரலோட போயிருக்கும்" என்று சொன்னபோது இவர், "எங்க ரெண்டு பேருக்குமே தெரியலைங்க" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கும் யாரும் என்னிடம் கேட்கவில்லைதான்.

அக்டோபர் 9, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் சர்க்கரை பார்க்கும்போதே சொன்னேன். இவர் விரலில் ஊசி குத்திக்கொண்டே, "பிரேக்குல பாய் மேல தப்பில்ல. பூஜைக்கு நாந்தான் அந்தத் தட்டுல தேங்காயெண்ண தடவுனேன்" என்றேன்.

இவர் முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம், "எங்கெல்லாம் தடவுன?" என்றார்.

"ரெண்டு பக்கமும். நல்லாத் தேச்சு."

பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "பிரேக்குக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுன பொம்பள ஒலகத்துலயே நீ ஒருத்திதாண்டி! சீயக்காயும் போட்டிருக்க வேண்டியதுதான?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார், "எப்பத் தெரிஞ்சுச்சு?"

"சனிக்கெழம."

"இன்னிக்கு வியாழன்."

"ஆமா."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க போகாம இருந்தாத் தேவலன்னு இருந்துச்சு."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நான் நிறுத்தாமல் சாக்ஸ் விஷயத்தையும் சொன்னேன். ஒன்பது நாளையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்குப் புரிந்ததோ என்னவோ. விரலில் ரத்தம் காய்ந்துபோய், மறுபடி குத்த வேண்டியதாயிற்று.

"நீ மோந்துதான் பாத்த" என்றார் கடைசியில். "நான் தெனமும் அந்தப் புண்ணப் பாத்துட்டு, சாக்ஸ மேல இழுத்து விட்டுக்கிட்டவன். ஒங்கிட்டயும் மறச்சேன், டாக்டர்கிட்டயும் மறச்சேன். தோட்டத்துக்குப் போகாதன்னு சொல்லிருவீகன்னு பயம்."

கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு போனை எடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. இன்று கேட்டார். எதிர்முனையில் பாய், "என்னண்ணே சொல்றீக, தேங்காயெண்ணயா?" என்று கத்தியது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

169.

அக்டோபர் 12, ஞாயிறு

145.

டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேட்டைப் புதிதாகக் கொண்டுவந்து மாட்டினார் பாய். "எண்ண குடிச்ச பேட இனிமே ஒண்ணும் பண்ண முடியாது தங்கச்சி. ரசத்துக்குத் தாளிக்க வேணும்னா வச்சுக்கங்க." டிஸ்க்கைப் பெட்ரோல் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி துடைத்தார். என்னைத் தொடக்கூட விடவில்லை. அவருடைய பட்டறையிலும் ஆயுத பூஜைக்கு வேலையாட்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்களாம். பிரேக் பக்கம் மட்டும் போக விடமாட்டாராம். இந்த வீட்டில் சொல்லாமல் விட்டது தன் தப்பு என்றார். இவர், "விடுய்யா, தப்புக்கெல்லாம் பங்கு போட்டு முடியாது" என்றார்.

மைதானத்தில் முப்பது தடவை ஓட்டி முப்பது தடவை நிறுத்தச் சொன்னார் பாய். பேட் பழக வேண்டுமாம். நான் எண்ணினேன். இருபதுக்கு மேல் கண்ணைத் திறந்துகொண்டே எண்ணினேன்.

கதிரேசனிடம் இவரே பேசினார். "இந்த வருஷம் நானே பாத்துக்கிறேன் மாப்ள." கதிரேசன், "அப்பாடா, என் தலைல கட்டிருவீகளோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். இவர் மனசு வருத்தப்படக்கூடாதென்று சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா தெரியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

138.

எட்டரை மணிக்கு இவர் தனியாகக் கிளம்பினார். கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கீழே போன் எடுக்காது. நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தொட்டி இறக்கம் தாண்டியது, முதல் வளைவு தாண்டியது. வழுக்குப்பாறை என்று ஓர் இடம் இருக்கிறது, பாதையிலேயே அதுதான் செங்குத்து. அங்கே போனதும் சத்தம் நின்றுவிட்டது.

செருப்புப் போடவில்லை, கதவைச் சாத்தவில்லை, ஓடினேன். போகிற வழியெல்லாம், சொல்லாமலே இருந்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன். பொய் சொல்வானேன்.

வழுக்குப்பாறை நடுவில் வண்டி நின்றது. சரிவில், மூக்கு கீழே பார்த்தபடி, இம்மியும் அசையாமல். இவர் இடது கையால் லீவரைப் பிடித்தபடி வண்டிமேல் உட்கார்ந்து ஓரத்துச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை கிளையை விலக்கிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்றேன். மூச்சு வாங்கியது.

திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகல. நிறுத்துனேன்."

"எதுக்கு இங்க போயி?"

"இங்க நின்னா எங்கயும் நிக்கும்ல? நிக்குதான்னு பாத்தேன்." அப்புறம் மெதுவாகச் சொன்னார், "நிக்குதுடி."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் கிட்டப் போய் அந்த லீவரைப் பிடித்திருந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டே விரல்தான் போட்டிருந்தார்.

"ஏறிக்கிறியா? கீழ வரைக்கும் வா."

"வேணாம். நீங்க போங்க" என்றேன்.

வண்டியைக் கிளப்பினார். நான் வீட்டைப் பார்த்து மேலே நடந்தேன். சத்தம் கீழே கீழே போய், பலாமரத்துக்கு அப்பால் தோட்டத்துக்குள் நின்றது. நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு, சும்மா ஒரு நிமிஷம் என்று கோரைப்பாயை விரித்துப் படுத்தேன். அவர் வந்து, "பசிக்குதுடி" என்று எழுப்பியபோது மணி மூன்று. உலையே வைத்திருக்கவில்லை.